கலிப்சோ ஆர்க்கிட்டைப் பெயர்த்து வந்து தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

கேள்வி இதுதான்: கனடாவின் ராக்கி மலையில், மே மாதக் கடைசியில், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த நடைபாதையோரம் ஒரு சின்னப் பூ கண்ணில் பட்டிருக்கிறது. விரல் உயரத் தண்டு, அதன் நுனியில் தலை கவிழ்ந்த ஒற்றை இளஞ்சிவப்புப் பூ, அடியில் ஒரே ஓர் இலை. இது என்ன பூ, ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது, வேரோடு எடுத்து வந்து வீட்டுத் தோட்டத்தில் வைத்தால் பிழைக்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். பிழைக்காது. தயவுசெய்து எடுக்க வேண்டாம். அது ஏன் பிழைக்காது என்று புரிந்துகொண்டால், ஏன் அரிதாக இருக்கிறது என்பதும் கூடவே புரிந்துவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

பூ கலிப்சோ ஆர்க்கிட். தாவரவியல் பெயர் கலிப்சோ பல்போசா. வட அமெரிக்காவில் இதைத் தேவதைச் செருப்பு என்றும் சொல்வார்கள். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதற்குப் பெயர் வைத்தபோது சிப்ரிபீடியம் என்ற செருப்பு ஆர்க்கிட் பேரினத்தில்தான் சேர்த்தார். பூவின் கீழிதழ், அதாவது உதட்டிதழ், செருப்பின் முன்பகுதி போலக் குழிந்திருப்பதால் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. பிற்பாடு 1807-இல் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். இன்றுவரை அந்தப் பேரினத்தில் இந்த ஓர் இனம் மட்டும்தான் இருக்கிறது. அதற்குள் நான்கு வகைகளைப் பிரித்துச் சொல்வார்கள். வட ஐரோப்பாவிலிருந்து ரஷ்யா வழியாகப் போவது ஒன்று, ஜப்பான் பக்கம் ஒன்று, வட அமெரிக்காவில் இரண்டு. நீங்கள் ராக்கி மலையில் பார்த்திருப்பது பெரும்பாலும் அமெரிக்கானா வகையாக இருக்கும். உதட்டிதழின் வாயருகே மஞ்சள் மயிர்க்கற்றை இருந்ததா என்று, படம் எடுத்திருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால் அதுவேதான். பசிபிக் கரையோர வகையில் அந்த மயிர் வெளுத்து, குறைவாக இருக்கும். இதழில் பழுப்புத் திட்டுகளும் தெரியும். அந்த மஞ்சள் மயிர் வெறும் அழகுக்காக அங்கே இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதே காடுகளில் உண்மையான செருப்பு ஆர்க்கிட்டுகளும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை உயரமானவை, தண்டில் பல இலைகள் இருக்கும். கலிப்சோவுக்கு ஒற்றை இலை, ஒற்றைப் பூ, அவ்வளவுதான். தண்டு இருபது சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பல செடிகள் அதில் பாதி உயரம்கூட இருக்காது.

அந்த ஒற்றை இலையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான காட்டுப் பூக்கள் வசந்தத்தில் இலை விட்டு, கோடையில் உணவு சேர்த்து, இலையுதிர் காலத்தில் ஓய்ந்துவிடும். கலிப்சோ இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறது. கோடை முடியும் தறுவாயில்தான் இதன் இலை மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அகலமாக, மடிப்பு மடிப்பாக, தரையோடு ஒட்டிக் கிடக்கும். அந்த ஓர் இலையோடுதான் குளிர்காலம் முழுவதையும் கழிக்கிறது. மேலே ஒரு மீட்டர் பனி விழுந்தாலும் அது இலைக்குக் கேடு இல்லை, காப்பு. வெளியே காற்று மைனஸ் முப்பதுக்கு இறங்கும் இரவிலும், கனமான பனிப்படுகைக்குக் கீழே தரை உறைநிலையை ஒட்டியே நிற்கும். பனி உருகியதும் அந்தப் பழைய இலை உடனே வேலையைத் தொடங்கிவிடும். மொட்டு எழும்பி, பூ விரிந்து, கோடை சூடு பிடிப்பதற்குள் இலை மஞ்சளாகி மடிந்துவிடும். அப்புறம் சில வாரங்களுக்கு மண்ணுக்கு மேலே செடி இருப்பதற்கான அடையாளமே இருக்காது. காய் நிற்கும் தண்டு ஒன்றிரண்டு தென்பட்டால் உண்டு.

ஆக, இந்தச் செடியின் ஆண்டு வருமானம் முழுவதும் ஒரே இலையிலிருந்து வருகிறது. மான் அந்த இலையைக் கடித்துவிட்டாலோ யாராவது மிதித்துவிட்டாலோ, அந்த ஆண்டுக்கு மாற்று இலை கிடையாது. அடியில் இருக்கும் சிறு கிழங்கில் சேர்த்து வைத்ததைக் கொண்டுதான் ஒப்பேற்ற வேண்டும். அந்தக் கிழங்கும் ஆழத்தில் இல்லை. பாசிக்கும் மக்கிய ஊசியிலைகளுக்கும் நடுவே, கிட்டத்தட்ட மேற்பரப்பிலேயே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் வேர்கள் கொஞ்சம்தான், அவையும் எளிதில் அறுந்துபோகக்கூடியவை. பூவை மட்டும்தானே கிள்ளுகிறோம் என்று தண்டைப் பிடித்து இழுத்தால், அந்த இழுப்பே கீழே வேர்களை அறுத்துவிடும். பூவைப் பறிப்பதும் செடியைக் கொல்வதும் இங்கே பல நேரங்களில் ஒன்றாகவே முடிகிறது.

சரி, கவனமாக ஒரு கூடை மண்ணோடு சேர்த்து எடுத்தால்? எல்லோரும் அடுத்துக் கேட்பது இதைத்தான். அதற்குப் பதில் சொல்ல பூஞ்சையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஆர்க்கிட் விதை தூசியை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். கலிப்சோவின் ஒரே காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும். அவரை விதையிலோ நெல்லிலோ இருப்பது போல முளைக்குத் தேவையான உணவு எதுவும் அந்த விதைக்குள் கிடையாது. விழுந்த இடத்தில் பொருத்தமான பூஞ்சை இருந்து, அதன் இழை விதைக்குள் நுழைந்தால்தான் முளைப்பு தொடங்கும். வழக்கமாகப் பூஞ்சைதான் செடியிடம் சர்க்கரை வாங்கும். இங்கே நேர்மாறாக, முளைவிடும் ஆர்க்கிட் பூஞ்சையைச் செரித்து வளர்கிறது. பச்சை இலை வரும்வரை மண்ணுக்கடியில், இருட்டில், முழுக்க முழுக்கப் பூஞ்சையின் தயவில்தான் வாழ்க்கை. வளர்ந்த பிறகும் அந்த உறவு விட்டுப்போவதில்லை. சில கலிப்சோ செடிகளைத் தோண்டிப் பார்த்தவர்கள் கிழங்கோடு பவளக்கொத்து போலக் கிளைத்த தண்டுப்பகுதியையும் கண்டிருக்கிறார்கள்.

அந்தப் பவளக்கொத்து வடிவம் நமக்கு ஒரு குறிப்பைத் தருகிறது. கலிப்சோவின் நெருங்கிய உறவினமான பவளவேர் ஆர்க்கிட்டுகள் அதே மலைக்காடுகளில் வளர்கின்றன. நீங்கள் கோடையில் போயிருந்தால் பார்த்திருக்கக்கூடும்: இலையே இல்லாமல், சிவந்த பழுப்புத் தண்டாக நிற்கும். அவற்றில் பல இனங்கள் பச்சையத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டுவிட்டன. மரவேர்களைப் போர்த்தி வாழும் பூஞ்சைகளிடமிருந்து மரம் தயாரித்த உணவை வாங்கிக்கொண்டே வாழ்ந்து முடித்துவிடுகின்றன. கலிப்சோ அந்த அளவுக்குப் போகவில்லை, ஓர் இலையை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதை மறக்கக் கூடாது.

கூடை மண்ணோடு எடுத்துப் போகும்போது என்ன ஆகிறது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். காட்டுத் தரையின் பூஞ்சை இழைகள் மக்கும் மரத்தோடும் ஊசியிலைப் படுகையோடும் வேர்களோடும் பின்னிக் கிடப்பவை. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தால் இழைகள் அறுபடும். ஊசியிலை தொடர்ந்து விழாது, நிழல் மாறும், ஈரம் மாறும், கோடையில் தொட்டி மண் காட்டுத் தரையை விடப் பல மடங்கு சூடேறும். முதல் வசந்தத்தில் பூக்கவும் கூடும். அது கிழங்கில் இருந்த பழைய சேமிப்பு. அதைப் பார்த்துவிட்டுப் பிழைத்துக்கொண்டது என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அடுத்தடுத்த ஆண்டுகளில் இலை சிறுத்து, பூ நின்று, செடி காணாமல் போகும். வடநாடுகளில் தோட்டக்கலையில் பழுத்தவர்களே இந்த ஆர்க்கிட்டைப் பெயர்த்து நடுவதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இந்தப் பூவில் தேன் இல்லை. ஒரு துளிகூடக் கிடையாது. இருந்தும் ஒரு பூச்சியை நம்பித்தான் இதன் விதை உருவாகிறது. அந்தப் பூச்சி உடல் பருத்து மயிர் அடர்ந்த பம்பிள் தேனீ, அதிலும் குறிப்பாக ராணி.

பம்பிள் தேனீக் கூட்டம் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. வேலைக்காரத் தேனீக்கள், ஆண்கள், பழைய ராணி எல்லாம் இலையுதிர் காலத்தோடு மடிந்துவிடும். புதிதாகப் பிறந்து இணைசேர்ந்த இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் தனித்தனியாக உறங்கும். வசந்தத்தில் பனி உருகியதும் அவை ஒவ்வொன்றாக வெளியே வரும். பசி. கூடு கட்ட இடம் தேட வேண்டும், முட்டையிட வேண்டும், எல்லா வேலையும் தனியாள் வேலை. காட்டில் அந்தச் சமயம் பூக்கள் அதிகம் இல்லை. இளம் ராணிக்கு இந்தக் காட்டுப் பூக்களைப் பற்றிய அனுபவமும் போதாது. எந்தப் பூவில் தேன் இருக்கும், எது ஏமாற்றும் என்று அது இனிமேல்தான் கற்க வேண்டும்.

கலிப்சோ சரியாக அந்தச் சில வாரங்களில் பூக்கிறது. பளிச்சென்ற நிறம். நல்ல மணம். உதட்டிதழின் வாயில் நான் சொன்ன மஞ்சள் மயிர்க்கற்றை: தூரத்திலிருந்து பார்த்தால் மகரந்தம் நிறைந்த கேசரங்கள் போலவே இருக்கும். இதழின் முன்நுனியில் இரண்டு சிறு கொம்புகள், தேன் இருக்கும் குழல்கள் போல. உள்ளே வா, இங்கே எல்லாம் இருக்கிறது என்று பூ முழுவதும் அழைக்கிறது. ராணி வந்து இறங்குகிறது, தலையை உள்ளே நுழைத்துத் தேடுகிறது, ஒன்றும் இல்லை. பின்வாங்கி வெளியே வருகிறது. அந்தப் பின்வாங்கலில்தான் காரியம் நடக்கிறது. மேலே கவிழ்ந்திருக்கும் பூத்தூணின் (பூவின் ஆண், பெண் உறுப்புகள் ஒன்றாக இணைந்த பகுதி) அடிப்பக்கம் ராணியின் முதுகில் உரசும்போது, மொத்த மகரந்தமும் ஒரே பொட்டலமாகப் பசையோடு ஒட்டிக்கொள்ளும். முதுகில் அந்த இடத்தை அதன் கால்களால் எளிதில் எட்ட முடியாது, துடைத்து எறியவும் முடியாது. அடுத்த கலிப்சோவில் மறுபடி ஏமாந்தால் பொட்டலம் அங்கே போய்ச் சேரும்.

செடி நம்பியிருப்பது அந்த இரண்டாவது ஏமாற்றத்தை. முதல் முறை ஏமாறுவதால் மகரந்தம் கிளம்புமே தவிர விதை உருவாகாது. ராணி குறைந்தது இரண்டு முறை ஏமாற வேண்டும். அதுவோ சீக்கிரம் கற்றுக்கொள்ளும் பிராணி. சில பூக்களில் ஏமாந்ததும் கலிப்சோவைக் கண்டாலே விலகிப் போகத் தொடங்கிவிடும். 1980களின் தொடக்கத்தில் வட அமெரிக்க வகைகள் இரண்டிலும் இதைக் காட்டில் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அனுபவமில்லாத தேனீக்களின் ஆரம்பகட்ட ஏமாற்றத்தை நம்பித்தான் இந்த ஆர்க்கிட்டின் இனப்பெருக்கம் நடக்கிறது என்பது அந்த ஆய்வுகளின் முடிவு. பூவுக்குப் பூ நிறமும் தோற்றமும் சற்று மாறுபடுவதற்கும் இதையே காரணமாகக் கருதுகிறார்கள். எல்லாப் பூவும் ஒரே அச்சில் இருந்தால் தேனீ இன்னும் வேகமாகக் கற்றுவிடும் அல்லவா?

இன்னொன்றும் கவனியுங்கள். மகரந்தம் வந்து சேராத பூ பல நாள்கள் வாடாமல் காத்திருக்கும். வந்து சேர்ந்ததும் சில நாள்களிலேயே நிறம் மங்கித் தொங்கிவிடும். ஆகவே காட்டில் நீண்ட நாள் அழகாக நிற்கும் கலிப்சோவைப் பார்த்தால், அது இன்னும் தேனீ வராத பூவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பூக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் காய் பிடிப்பவை குறைவு. காய் பிடிக்காத ஆண்டுகளிலும் பழைய கிழங்கின் பக்கத்திலேயே புதுக் கிழங்கு ஒன்றை உருவாக்கிச் செடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இரண்டு மூன்று செடிகள் நெருக்கமாக நிற்பதைப் பார்த்திருந்தால், அவை இப்படி ஒரே கிழங்கிலிருந்து பிரிந்தவையாக இருக்கலாம்.

இப்போது அரிது என்ற விஷயம். ஒரு திருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பரப்பளவு என்று பார்த்தால் கலிப்சோ மிகப் பெரிய நிலத்தில் வாழ்கிறது. அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியா, அரிசோனா மலைகள் வரை, கனடா முழுக்க அங்கங்கே, அப்புறம் ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா, ஜப்பான் என்று வடகோளத்தையே சுற்றி வருகிறது. ராக்கி மலையின் சில பள்ளத்தாக்குகளில் சரியான வாரத்தில் போனால் ஒரே சரிவில் டஜன் கணக்கில் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெரிய வரைபடத்துக்குள் அது உண்மையில் நிற்கும் இடங்கள் சின்னச் சின்னப் புள்ளிகள். குளிர்ந்த நிழல், வயதான ஊசியிலை மரங்கள், குலையாத பாசிப்படுகை, உரிய பூஞ்சை, வசந்தத்தில் போதிய பம்பிள் ராணிகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி வர வேண்டும். கிழக்கே வெர்மாண்ட், மிச்சிகன் பக்கம் இது வெள்ளை சீடர் மரச் சதுப்புகளில் ஒதுங்கி வாழ்கிறது. பல பழைய இடங்களில் இப்போது இல்லை, மாநிலச் சட்டப் பாதுகாப்புப் பட்டியல்களில் இருக்கிறது. வட ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஃபின்லாந்தின் வடகிழக்கில் குசாமோ பகுதியில் சுண்ணாம்பு கலந்த மண்ணில் நிற்கும் ஸ்ப்ரூஸ் காடுகள் இதன் முக்கியப் புகலிடம். அங்கே 1956-இல் அமைந்த ஊலங்கா தேசியப் பூங்கா இந்தப் பூவையே தன் சின்னமாக வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிட ஆணையிலும் கலிப்சோ பெயர் சொல்லிப் பாதுகாக்கப்பட்ட இனம்.

குறைந்துபோனதற்கு முதல் காரணம் மரம் வெட்டுதல். மேலே இருக்கும் கூரையைத் திறந்துவிட்டால் பாசி காய்ந்துவிடும், தரை சூடேறும், புல்லும் புதரும் ஏறிவிடும். செடி நின்ற ஒரு சதுர அடியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டுவது அதைக் காப்பாற்றியதாக ஆகாது. மான்கள் பெருகிய இடங்களில் மேய்ச்சலும் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் நம்மைப் போன்ற ரசிகர்கள். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். பறிப்பவர்களை விடப் படம் எடுப்பவர்களே இன்று அதிகம். பூ தரையோடு இருப்பதால் படுத்துக்கொண்டு எடுக்க வேண்டியிருக்கிறது. கண் ஒரு பூவில் இருக்கும்போது முழங்காலும் முழங்கையும் பூக்காத நான்கைந்து இளம் செடிகளின் மேல் அழுந்துகிறது. பூக்காத செடியென்றால் பாசிக்குள் ஒரு சிறு இலை மட்டும்தான், தேடினால்தான் தெரியும்.

இந்தப் பூவைக் கண்டு நெகிழ்ந்தவர்களில் ஜான் மியூரைச் சொல்லாமல் விட முடியாது. பிற்பாடு அமெரிக்கக் காட்டுப் பாதுகாப்பின் பெரிய குரலாக ஆனவர். 1864-இல், இருபத்தாறு வயதில், கனடாவின் சதுப்புக்காடுகளில் செடிகளைத் தேடித் தனியாக அலைந்துகொண்டிருந்தபோது கலிப்சோவைக் கண்டார். பக்கத்தில் உட்கார்ந்து மகிழ்ச்சியில் அழுதேன் என்று எழுதியிருக்கிறார். அதைப் பற்றி அவர் எழுதிய கடிதம் 1866-இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் எழுத்து அதுதான். முதிர்ந்த வயதிலும், அமெரிக்க எழுத்தாளர் எமர்சனைச் சந்தித்ததையும் இந்தப் பூவைக் கண்டதையும் வாழ்வின் இரு பெரும் கணங்களாகச் சேர்த்துச் சொன்னார். உங்கள் கேள்வியில் இருந்த அந்தப் பரவசம் எனக்குப் புரிகிறது. கொண்டு வந்துவிட வேண்டும் என்று தோன்றியதும் புரிகிறது.

சட்டமும் இங்கே தெளிவாகவே இருக்கிறது. நீங்கள் போன இடம் தேசியப் பூங்கா என்றால், கனடாவில் பூங்காவுக்குள் எந்தச் செடியையும் பறிக்கவோ பெயர்க்கவோ கூடாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் அப்படியே. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருவதால், உரிய அனுமதி இல்லாமல் நாட்டு எல்லையைத் தாண்டிச் செடியைக் கொண்டுபோவதும் குற்றம்.

படத்தைப் பகிர்வதானால் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுப் பகிருங்கள். மலைத்தொடரின் பெயர் போதும். பாதையின் பெயரும் கிலோமீட்டர்க் கணக்கும் வேண்டாம். உயிரினப் பதிவுத் தளங்களில் ஏற்றினால் துல்லியமான இடத்தை மறைக்கும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். பதிவு ஆய்வாளர்களுக்குப் பயன்படும், தோண்ட வருகிறவருக்கு உதவாது.

மறுபடி பார்க்கப் போனால் பாதையை விட்டு இறங்காமல் பாருங்கள். பாதையோரத்திலேயே நிற்கும் செடிகள் போதுமான அளவுக்கு உண்டு. கொஞ்சம் தொலைவிலிருந்து எடுக்கும் லென்ஸ் இருந்தால் நல்லது. செப்டம்பர் கடைசியில் அதே பாதையில் போக வாய்த்தால், பூவை எதிர்பார்க்காமல் இலையைத் தேடிப் பாருங்கள். பாசியின் நடுவே மடிப்புகளோடு கரும்பச்சையில் ஒற்றை இலை கிடந்தால், அடுத்த வசந்தத்தில் பூக்கக்கூடிய செடி அது. பூவை மட்டும் பார்த்தவர்கள் நிறையப் பேர். இலையை அடையாளம் தெரிந்தவர்கள்தான் மிதிக்காமல் நடப்பவர்கள்.

தோட்டத்தில் குளிர்நாட்டு ஆர்க்கிட் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. செருப்பு ஆர்க்கிட்டுகளில் சில இனங்களையும் கலப்பினங்களையும் ஆய்வுக்கூடத்தில் விதையிலிருந்து வளர்த்து விற்கிறார்கள். பூஞ்சை தர வேண்டிய உணவைக் கண்ணாடிக் குடுவையில் ஊட்டமாகக் கொடுத்து, சில ஆண்டுகள் வளர்த்து, அப்புறம் மண்ணுக்கு மாற்றிய செடிகள் அவை. குளிர்காலம் உறையும் ஊர்களில் நிழலான இடத்தில் நன்றாகவே வளரும். வாங்கும்போது விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது விதையிலிருந்து வளர்த்ததா, காட்டிலிருந்து எடுத்ததா? நேரான பதில் வரவில்லை என்றால் வாங்காதீர்கள். யாராவது மலிவு விலையில் கலிப்சோ கிழங்கையே நீட்டினால், அது அநேகமாகக் காட்டிலிருந்து பெயர்த்ததாகத்தான் இருக்கும்.